இன்சூரன்ஸ் விளம்பரமும் இன்டர்செப்ஷனும்: வாக்குவாதத்தில் தொலைந்த ஒரு சீசன்

2019 செப்டம்பரிலிருந்து டிசம்பர் கடைசி வரை, கிளீவ்லண்டில் இருந்துகொண்டு ஒரே ஒரு மனுஷனுக்காக வக்காலத்து வாங்கினேன். அவர் எனக்கு உறவும் இல்லை, நான் இருப்பதே அவருக்குத் தெரியாது. கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியின் குவாட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட். அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: ஒவ்வொரு ஆட்டத்துண்டிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவாட்டர்பேக் கையில்தான், அதனால் ஜெயித்தால் மாலையும் தோற்றால் செருப்பும் அவருக்கே. நான் தொலைத்தது ஒரு ஜெர்சிக்குக் கொடுத்த 100 டாலர், 16 ஞாயிறுகள், அதைவிட அதிகமாகத் திங்கள் காலைகள். பிட்ஸ்பர்க்கில் இருக்கும் நண்பன் ஒருத்தனுடன் ஆறு மாதம் பேச்சும் இல்லாமல் போனது. அத்தனை சண்டையும் போட்ட பிறகுதான், நான் பேசிய விஷயங்களில் பாதிக்கு மேல் எனக்கு அடிப்படையே தெரியாது என்று புரிந்தது. இதை யாராவது அப்போதே உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம்.

முதலில் அந்தப் பித்து எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். பிரவுன்ஸ் 2017-இல் 16 ஆட்டமும் தோற்ற அணி. அடுத்த வருடம் டிராஃப்டில் (புதுமுகங்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக மேஃபீல்டை எடுத்தார்கள். 2018 செப்டம்பர் 20, வியாழக்கிழமை ராத்திரி, ஜெட்ஸ் அணிக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் இறங்கி 21-17 என்று ஜெயித்துக் கொடுத்தார். 635 நாளுக்குப் பிறகு வந்த முதல் வெற்றி அது. அந்த சீசனில் 27 டச்டவுன் பாஸ் (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துத் தரும் வீச்சு), அன்றைய தேதிக்கு ஒரு புதுமுகம் போட்டதில் அதுவே அதிகம். ஊரே கிறுக்குப் பிடித்துக் கிடந்தது, நானும் ஆறாம் எண் ஆரஞ்சு ஜெர்சி வாங்கினேன். அடுத்த வருடம் ஒடெல் பெக்கம் என்ற பெரிய ரிசீவரும் (வீசிய பந்தை ஓடிப் பிடிப்பவர்) வந்து சேர, சூப்பர் பௌல் என்னும் இறுதிப் போட்டிக் கனவே வந்துவிட்டது. முதல் ஆட்டத்தில் டைட்டன்ஸ் அணியிடம் 43-13 தோல்வி. சீசன் முடிவில் 6 வெற்றி, 10 தோல்வி. மேஃபீல்ட் கணக்கில் 22 டச்டவுன், 21 இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது).

இதில் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது விளம்பரம்தான். ப்ரோக்ரெஸிவ் இன்சூரன்ஸ் அந்த இலையுதிர் காலத்தில் ஒரு தொடர் விளம்பரம் விட்டது. ஏரிக்கரையில் இருக்கும் 67,000 பேர் உட்காரும் ஸ்டேடியமே மேஃபீல்டின் வீடு என்று கற்பனை. மனைவியோடு அங்கேயே குடித்தனம் நடத்துவார், மின்சார போர்டில் எந்த சுவிட்ச் எதற்கு என்று தெரியாமல் அல்லாடுவார். நல்ல நகைச்சுவைதான். (அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் கிளீவ்லண்ட் புறநகரின் பெயரே மேஃபீல்ட். ஒப்பந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இந்த ஊரில் யாரும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.) விஷயம் என்னவென்றால், அவர் ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில் இன்டர்செப்ஷன் வீசுவார், இடைவேளை வரும், அதே முகம் சிரித்துக்கொண்டு இன்சூரன்ஸ் விற்கும். உடனே பிட்ஸ்பர்க்கிலிருந்து வாட்ஸ்அப் வரும்: "மாப்ள, உங்க ஆளு பிராக்டீஸுக்குப் போறானா, இல்ல ஷூட்டிங்குக்கே போறானா?" பதிலுக்கு நான் நாலு பத்தி எழுதுவேன். எல்லாமே உணர்ச்சிதான், தகவல் ஒன்றுகூட இருக்காது.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் காலண்டரில் இருந்தது. வழக்கமான சீசன் ஜனவரித் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஏப்ரல் நடுவில் அணியின் பயிற்சி மெதுவாகத் தொடங்கும், ஜூனில் கட்டாய மினிகேம்ப், ஜூலை கடைசியில் முழு முகாம். நடுவில் இருக்கும் ஓய்வு வாரங்களில்தான் இந்த மாதிரி விளம்பரங்களை எடுப்பார்கள், அதுவும் ஒரு சில நாட்களில் பல துண்டுகளைச் சேர்த்து. செப்டம்பரில் நாம் பார்ப்பது கோடையில் எடுத்து வைத்தது. எத்தனை தடவை ஓட்டுவது என்பதை விளம்பர நேரம் வாங்கும் கம்பெனிதான் முடிவு செய்கிறது, ஆட்டக்காரர் கையில் அது இல்லை. அவர் மூன்று இன்டர்செப்ஷன் போட்டார் என்பதற்காக அன்றைக்கு வாங்கிய நேரத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே யாராவது "விளம்பரத்தில் கவனம் போய்விட்டது" என்றால், கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தப் பயிற்சிக்கு வரவில்லை? கட்டாயப் பயிற்சிக்கு வராமல் போனால் அது செய்தியாகிவிடும், மறைக்க முடியாது. பதில் இல்லையென்றால் அங்கேயே அந்த வாதத்தை விட்டுவிடலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு, இது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் உறைத்தது. 2020-இல் அதே தொடர் விளம்பரம், அதே ஸ்டேடியம், அதே மனுஷர். அணிக்கு 11 வெற்றி, 5 தோல்வி. 2021 ஜனவரி 10 அன்று பிட்ஸ்பர்க்கிலேயே போய் அந்த ஊர் அணியான ஸ்டீலர்ஸை 48-37 என்று அடித்தது. 1995 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு பிரவுன்ஸுக்குக் கிடைத்த முதல் பிளேஆஃப் (வழக்கமான சீசனுக்குப் பிறகு நடக்கும் நாக்-அவுட் சுற்று) வெற்றி. அந்த மாதம் அந்த விளம்பரத்தை யாரும் திட்டவில்லை, "அழகா நடிக்கிறார்ப்பா" என்றார்கள். இன்னொரு பிரபல குவாட்டர்பேக் பெய்டன் மேனிங் கதையும் இதேதான். மாஸ்டர்கார்டு, கேட்டரேட், டைரக்டிவி, பீட்சா, இன்சூரன்ஸ் என்று அவர் வராத விளம்பர இடைவேளையே கிடையாது. 2007 பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஜெயிக்கும் வரை "பெரிய ஆட்டத்தில் சொதப்புவார், விளம்பரத்தில் மட்டும் கலக்குவார்" என்று பேச்சு. ஜெயித்த மறுநாளிலிருந்து அதே விளம்பரங்கள் அவருடைய கவர்ச்சிக்குச் சான்றாகிவிட்டன.

விளம்பரத்தைப் பார்த்தே சில விஷயங்களைக் கண்டுபிடிக்கலாம். ஆட்டக்காரர் அணியின் லோகோவோடு ஹெல்மெட் மாட்டியிருக்கிறாரா, அல்லது ஒன்றும் எழுதாத மொட்டை ஜெர்சியில் நிற்கிறாரா என்று பாருங்கள். லோகோ இருந்தால் அந்தக் கம்பெனி லீகுக்கோ (எல்லா அணிகளும் ஆடும் என்எஃப்எல்) அணிக்கோ தனியாகப் பணம் கட்டியிருக்கிறது. மொட்டை ஜெர்சி என்றால் ஆட்டக்காரரோடு மட்டும் ஒப்பந்தம். ஒரே பொருளுக்கு ஆறு பேரோ அதற்கு மேலோ வந்தால் அது தனிப்பட்ட ஒப்பந்தமே இல்லை, ஆட்டக்காரர்கள் சங்கத்தின் கூட்டு உரிமத்தில் வரும். "இவன் எதற்கெடுத்தாலும் கையெழுத்துப் போடுகிறான்" என்று நாம் திட்டுவதில் கொஞ்சம் இந்தக் கூட்டு உரிமத்தில் வந்ததாக இருக்கும்.

லீக் இதில் எவ்வளவு கறார் என்பதற்கும் உதாரணம் நிறைய. 1985 சீசன் பிளேஆஃபில் சிகாகோ பேர்ஸ் குவாட்டர்பேக் ஜிம் மக்மஹன் அடிடாஸ் தலைப்பட்டை கட்டி வந்தார் என்று 5,000 டாலர் அபராதம். அடுத்த ஆட்டத்துக்கு மனுஷன் லீக் கமிஷனர் ரோசெல்லின் பெயரையே பட்டையில் எழுதிக் கட்டி வந்தார். 2014-இல் குவாட்டர்பேக் காலின் கேப்பர்னிக் ஆட்டம் முடிந்த பேட்டிக்கு பீட்ஸ் ஹெட்ஃபோனோடு வந்ததற்கு 10,000 டாலர், ஏனென்றால் லீகோடு ஒப்பந்தம் போட்டிருந்தது போஸ் என்ற போட்டிக் கம்பெனி. அதன்பிறகு லோகோ மேல் டேப் ஒட்டிக்கொண்டு வந்தார். மது விளம்பரம் ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரருக்கு அறவே கூடாது. அதனால்தான் கூர்ஸ் லைட் பீர் கம்பெனி குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை வைத்து நிஜமான டார்ச் லைட் ஒன்றை விற்றது. பெயர் "கூர்ஸ் லைட்"தான், உள்ளே இருப்பது மட்டும் பேட்டரி. 2016 பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஜெயித்த கையோடு மேனிங் நேரலையில் பட்வைசர் குடிக்கப் போகிறேன் என்று சொன்னபோது ஊர் முழுக்க "காசு வாங்கிவிட்டான்" என்றது. அதைச் சொல்லப் பணம் கொடுக்கவில்லை என்று கம்பெனியே அறிவித்தது.

பண விஷயத்தில் நான் அடிக்கடி தோற்ற வாதம் ஒன்று உண்டு: "விளம்பரத்தில் இவ்வளவு சம்பாதிக்கிறானே, அணிக்குச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாதா?" சம்பள உச்சவரம்பு என்பது அணி கொடுக்கும் பணத்துக்கு மட்டும்தான். 2024-இல் அது ஒரு அணிக்கு 255.4 மில்லியன் டாலர். இன்சூரன்ஸ் கம்பெனி கொடுப்பது அதில் ஒரு காசுகூடச் சேராது, அணியே அந்தப் பணத்தைக் கம்பெனி வழியாகச் சுற்றிவிட்டுக் கொடுக்கவும் விதி அனுமதிக்காது. ஆட்ட ஒப்பந்தம் பேசும் ஏஜென்ட் 3 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சங்கம் வரம்பு வைத்திருக்கிறது. விளம்பர ஏஜென்டுக்கு அந்த வரம்பு பொருந்தாது, அவர்கள் பங்கு அதைப்போலப் பல மடங்கு. விளம்பர வாய்ப்புகளைத் தேடித் தேடிக் கொண்டுவர யாருக்கு அக்கறை அதிகம் என்பது இதிலேயே தெரியும்.

இனி வாய் விஷயம். 2019-இல் மேஃபீல்ட் பேசியதை எல்லாம் நான் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் சுமந்தேன், எதிராளியும் ஒரே மூட்டையாகத்தான் அடித்தான். பிரித்துப் பார்த்திருந்தால் நாலும் நாலு ஜாதி. ஜூனில், வேறு அணிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்ட சக ஆட்டக்காரர் டூக் ஜான்சனைப் பற்றி, அந்தச் சிக்கல் அவரே இழுத்துக்கொண்டது என்றார். அது வீட்டுச் சண்டையைத் தெருவில் பேசியது, தப்புதான். ஆகஸ்டில் ஒரு பத்திரிகைப் பேட்டியில், ஜயன்ட்ஸ் அணி டேனியல் ஜோன்ஸ் என்ற குவாட்டர்பேக்கை டிராஃப்டில் எடுத்ததை நம்பவே முடியவில்லை என்றார். சம்பந்தமே இல்லாத வேறு அணியைப் பற்றிய அரட்டை அது, தேவையில்லாத வம்பு. அக்டோபர் கடைசியில் ஒரு நிருபரின் கேள்வி பிடிக்காமல் பேட்டியை விட்டு எழுந்து போனார். அது வெறும் கோபம்.

நாலாவதுதான் என்னைக் கவிழ்த்தது. டிசம்பர் 8, பெங்கால்ஸை 27-19 என்று ஜெயித்த நாள். பெக்கமின் அடிவயிற்றுத் தசைக் காயத்தைப் பற்றிக் கேட்டார்கள். அணியின் சிகிச்சை அறையில் அது சரியாகக் கையாளப்படவில்லை என்று பதில் சொன்னார். அன்று ராத்திரி "மருத்துவக் குழுவை மேஃபீல்ட் தாக்கினார்" என்று தலைப்பு வந்தது. நான் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "தைரியமா உண்மையைச் சொல்றான் பாரு" என்று பத்துப் பேருக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அவரே, மருத்துவக் குழுவைக் குறை சொல்வது தன் நோக்கமில்லை, உள் விவரம் முழுதும் தெரியாமல் நண்பனுக்காகப் பேசிவிட்டேன் என்ற பொருளில் விளக்கம் போட்டார். நான் "தைரியம்" என்று கொண்டாடியதை அவரே திருப்பி வாங்கிவிட்டார். பிட்ஸ்பர்க்கிலிருந்து அன்று வந்தது ஒரே ஒரு சிரிப்புப் படம். அதன் பிறகுதான் அந்த ஆறு மாத மௌனம்.

அப்போதிருந்து நான் கடைப்பிடிப்பது: தலைப்பு வந்ததும் அந்த வாக்கியத்துக்கு முன்னால் இருந்த கேள்வியைத் தேடுவேன். அணிகளே பேட்டியின் வீடியோவை முழுதாகப் போடுகின்றன, பத்து நிமிடம் போதும். குவாட்டர்பேக் தானாக ஆரம்பித்தாரா, அல்லது மூன்றாவது தடவையாக ஒரே கேள்வியைக் கேட்டு வாயைப் பிடுங்கினார்களா என்பது அங்கே தெரிந்துவிடும். எங்கே பேசினார் என்பதும் முக்கியம். ஆட்டம் முடிந்து 10, 12 நிமிடத்தில் நிருபர்களுக்குக் கதவு திறந்தாக வேண்டும் என்பது லீக் விதி. வியர்வை காயாத ஆளிடம் கேட்டு வாங்கும் வாக்கியம் ஒரு ரகம். வாரத்தின் நடுவில், பெரும்பாலும் புதன்கிழமை, ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்த பிறகு சொல்வது வேறு ரகம்.

மூன்றாவது ரகத்தைத்தான் ரசிகர்கள் கவனிப்பதே இல்லை: காசு வாங்கிக்கொண்டு வாராவாரம் வரும் வானொலி, இணைய நிகழ்ச்சிகள். விமர்சனமும் வியாபாரமும் ஒன்றாகும் இடம் இதுதான். 2018 நவம்பர் 25, ஸ்டீலர்ஸ் டென்வரிடம் 24-17 தோற்றது, கடைசி நிமிடத்தில் கோல் கோட்டருகே அதன் குவாட்டர்பேக் பென் ராத்லிஸ்பர்கர் வீசிய பந்து இன்டர்செப்ட் ஆனது. பிறகு தன் வாராந்திர வானொலி நிகழ்ச்சியில் ரிசீவர் அன்டோனியோ பிரவுன் ஓடிய கோணம் சரியில்லை என்றார், புதுமுகம் ஜேம்ஸ் வாஷிங்டனையும் விட்டுவைக்கவில்லை. அடுத்த மார்ச்சில் பிரவுன் ரெய்டர்ஸுக்குப் போய்விட்டார், மே மாதம் ராத்லிஸ்பர்கர் தொலைக்காட்சியில் வருத்தம் தெரிவித்தார். அந்த மாதிரி நிகழ்ச்சியில் சப்பையாகப் பேசினால் அடுத்த வருடம் யார் கூப்பிடுவார்கள்? ஆகவே அங்கே வரும் "மனம் திறந்த பேச்சை" நான் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வேன்.

சில விமர்சனங்களை நாமே சரிபார்க்கவும் முடியும். 2024 அக்டோபர் 14, ஜெட்ஸ் பில்ஸிடம் 23-20 தோற்றது. கடைசியில் ஜெட்ஸ் குவாட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸ் வீசியது இன்டர்செப்ஷன். பேட்டியில் நேரடியாகப் பெயர் சொன்னார்: ரிசீவர் மைக் வில்லியம்ஸ் ரெட் லைனில் ஓடியிருக்க வேண்டும், உள்ளே திரும்பிவிட்டார். ரெட் லைன் என்பது ஓரக்கோட்டிலிருந்து சுமார் 5 கஜம் உள்ளே இருக்கும் கற்பனைக் கோடு, பயிற்சி மைதானத்தில் பல அணிகள் நிஜமாகவே வரைந்து வைத்திருக்கும். ரிசீவர் அதில் நேராக ஓடினால் வெளிப்பக்கம் பந்து விழ இடம் இருக்கும், உள்ளே வந்தால் அந்த இடம் எதிராளிக்கு. தொலைக்காட்சிக் கேமரா பந்தைத் துரத்துவதால் ரிசீவர் திரையை விட்டு வெளியே போய்விடுவார். 22 பேரும் தெரியும் உயரக் கேமராப் பதிவு வேண்டும். லீகின் கட்டணச் சேவையில் அது ஆட்டம் முடிந்து சில நாளில் வந்துவிடும். ரிசீவர் எங்கே ஓடினார் என்பது அதில் தெரியும். எங்கே ஓடச் சொன்னார்கள் என்பது தெரியாது. எதிரணியின் அணிவகுப்பைப் பார்த்து ரிசீவரே பாதையை மாற்றிக்கொள்ளும் ஆட்டங்கள் உண்டு, அதில் இருவரும் வேறு வேறாகப் படித்திருந்தால் யார் தப்பு என்பது பயிற்சியாளருக்குத்தான் தெரியும். சுமார் மூன்று வாரத்தில் வில்லியம்ஸ் ஸ்டீலர்ஸுக்குக் கைமாறினார்.

பெயர் சொல்லாமல் குத்துவதில் மேனிங் கில்லாடி. 2006 ஜனவரியில் ஸ்டீலர்ஸிடம் 21-18 தோற்றபின், நல்ல சக ஆட்டக்காரனாக இருக்க முயல்கிறேன், பாதுகாப்பில் சில பிரச்சினைகள் இருந்தன என்று மட்டும் சொல்லிவைத்தார். குவாட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து பேர் கொண்ட முன்வரிசையை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அதற்கும் மூன்று வருடம் முன்பு தன்னைக் குறை சொன்ன சொந்த அணி உதைப்பாளரை "முட்டாள்" என்று தொலைக்காட்சியிலேயே சொன்னவர் அவர். ஒரு விளம்பரம்கூட அதனால் போகவில்லை.

சக ஆட்டக்காரரைத் திட்டினால் கம்பெனிகள் கண்டுகொள்வதில்லை, நடுவரைத் திட்டினாலும் அப்படித்தான். 2023 டிசம்பரில் நடுவர் முடிவைக் கண்டித்ததற்காக மஹோம்ஸுக்கு 50,000 டாலரும் பயிற்சியாளர் ஆண்டி ரீடுக்கு ஒரு லட்சம் டாலரும் லீக் அபராதம் போட்டது. அந்த இருவரும் சேர்ந்து நடித்த இன்சூரன்ஸ் விளம்பரம் தொடர்ந்து ஓடியது. மைதானத்துக்கு வெளியே உள்ள பேச்சுதான் கம்பெனிகளைப் பயமுறுத்தும். 2021 நவம்பரில் கொரோனா தடுப்பூசி விவகாரத்தில் ராட்ஜர்ஸ் பேசியதும் விஸ்கான்சினின் ப்ரெவியா மருத்துவ நிறுவனம் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. லீக் அவருக்குப் போட்ட அபராதமோ 14,650 டாலர்தான்.

நம் பணத்துக்கு வருகிறேன். குவாட்டர்பேக் சொன்னார் என்று சோப்பு வாங்கினால் நட்டம் இரண்டு டாலர். நட்சத்திரக் குவாட்டர்பேக் டாம் பிரேடி 2021-இல் விளம்பரம் செய்த எஃப்டிஎக்ஸ் கிரிப்டோ சந்தை 2022 நவம்பரில் திவாலானது. பணம் போட்டவர்கள் விளம்பரத்தில் வந்தவர்கள் மீதும் வழக்குப் போட்டார்கள். பணத்தைப் போட்டு வைக்கும் விஷயத்தில் ஆட்டக்காரர் முகத்தைப் பார்த்து ஒரு டாலர்கூடப் போடாதீர்கள்.

ஜெர்சி வாங்குவதாக இருந்தால் முதலில் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்று பாருங்கள், அணியின் இணையதளம் தவிர்த்து எங்கும் அது எளிதாகக் கிடைக்கும். புதுமுகம் என்றால் நாலு வருடம், முதல் சுற்றில் வந்தவருக்கு அணி விரும்பினால் ஐந்தாவது. கைமாறும் பேச்சு அடிபடும் மார்ச், ஏப்ரலில் வாங்கவே கூடாது. சில கடைகள், வாங்கி 90 நாளுக்குள் ஆட்டக்காரர் அணி மாறினால் வேறு ஜெர்சி தருகின்றன, ரசீதை வைத்திருங்கள். என்னுடையது 2018-இல் வாங்கியது. 2022 ஜூலையில் மேஃபீல்டை கரோலினாவுக்கு அனுப்பிவிட்டார்கள், அதோடு ஸ்டேடியம் வீட்டு விளம்பரமும் முடிந்தது. பிறகு ராம்ஸ், பிறகு டாம்பா பே. டாம்பாவிலும் அவருக்கு ஆறாம் எண்தான், ஆனால் அங்கே சிவப்பு. ஆரஞ்சு ஜெர்சியைக் குளிர்காலத்தில் பனி தள்ளும்போது கோட்டுக்குள் போட்டுக்கொள்கிறேன். பிட்ஸ்பர்க்காரன் போன டிசம்பரில் வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "இன்னுமா மாப்ள?" என்றான்.